சாயங்காலம் மட்டும் வர்ற ‘ங்ங்ங்’: வீட்டுல செஞ்ச மைக் ப்ரீஆம்புக்குக் கரண்ட் எங்கிருந்து?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்வி, அதுக்கு நீளமான ஒரு பதில்.

லால்குடி பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவரோட அப்பாயிக்கு 80 வயசு தாண்டியாச்சு. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் தெரியும். ஊர்ல இந்தப் பாட்டெல்லாம் முழுசாத் தெரிஞ்சவங்க இன்னும் ரெண்டு மூணு பேர்தான் இருக்காங்களாம். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிப் பார்த்திருக்கார். ஃபோன் தானாவே சத்தத்தைக் கூட்டுது, குறைக்குது, இழுத்துப் பாடுற இடத்தை ஃபேன் சத்தம்னு நினைச்சு வெட்டுது. சரின்னு ஒரு டைனமிக் மைக் வாங்கி, என்இ5532 ஐசி போட்டு, ப்ரீஆம்ப் ஒண்ணைத் தானே சால்டர் பண்ணிட்டார்.

காலையில டெஸ்ட் பண்ணா சுத்தமா இருக்கு. ஆனா அப்பாயி பாடுறது சாயங்காலம்தான், வேலையெல்லாம் முடிச்சு திண்ணையில வந்து உக்காந்த பிறகு. அப்பப் பார்த்து ‘ங்ங்ங்’னு ஒரு ஹம். ஒயரை மாத்தினார். மைக்கை மாத்தினார். ப்ரீஆம்பை ஒரு தகர டப்பாக்குள்ள வச்சு மூடினார். போகல.

அவர் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு. ஒயரோ மைக்கோ சாயங்காலம் மட்டும் கெட்டுப்போகாது. பொழுதுக்குப் பொழுது மாறுறது சுவத்துல இருந்து வர்ற கரண்ட். அதனால இன்னைக்கு பவர் சப்ளை பத்தி மட்டும் பேசப் போறேன். யூடியூப்ல ப்ரீஆம்ப் சர்க்யூட் ஆயிரம் கிடைக்கும். எல்லாத்துலயும் ஓரத்துல ப்ளஸ் 12, மைனஸ் 12ன்னு ரெண்டு அம்புக்குறி போட்டு விட்டுடுவாங்க. அந்த 12 எங்கிருந்து வரணும்னு யாரும் சொல்றதில்ல.

முதல்ல ஒண்ணு. ப்ரீஆம்ப் மைக்ல இருந்து வர்ற சிக்னலைப் பிடிச்சு ‘பெருசு’ பண்ணுதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில அப்படி இல்ல. லால்குடிக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, அது வாய்க்கால் மதகு மாதிரி. பெருவளை வாய்க்கால்ல தண்ணி ஓடுது. மதகுப் பலகையை ஒரு கை கொஞ்சம் தூக்குது, கொஞ்சம் இறக்குது. வயலுக்குப் போற தண்ணி கையில இருந்து வர்றதில்ல, வாய்க்கால்ல இருந்து வருது. மைக் அந்தக் கை. பவர் சப்ளைதான் வாய்க்கால். ஹெட்ஃபோன்ல நீங்க கேக்கற அப்பாயி குரல் முழுக்க முழுக்க சப்ளையில இருந்து வந்த கரண்ட்டால ஆனது. வாய்க்கால்ல அலை அடிச்சா வயல்லயும் அலை அடிக்கும்.

நல்ல ஐசி அந்த அலையைப் பெரும்பாலும் தடுத்துடும். அதையும் சொல்லணும். ஆனா கணக்கைப் பாருங்க. டைனமிக் மைக் பக்கத்துல சத்தமாப் பாடினாலே ஒண்ணு ரெண்டு மில்லிவோல்ட்தான் தரும். திண்ணையில ஒரு அடி தள்ளி உக்காந்து மெதுவாப் பாடினா அதுல பத்துல ஒரு பங்கு. சுவத்து பிளக்ல இருக்கறது 230 வோல்ட், அதாவது ஒரு மில்லிவோல்ட்டை மாதிரி 2 லட்சத்து 30 ஆயிரம் மடங்கு. ப்ரீஆம்ப் ஆயிரம் மடங்கு பெருக்கும்போது, ஐசி தடுத்தது போக மிச்சம் மீதி இருக்கற துளி அலையும் ஆயிரம் மடங்கு ஆகும். அதுதான் ‘ங்ங்ங்’.

‘அதான் சாஃப்ட்வேர் இருக்கே, ஹம்மை எடுத்துடலாமே’ன்னு கேப்பீங்க. கொஞ்சம் எடுக்கலாம். ஆனா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டயோடு வழியா டிசி ஆனதும் அலை 100 ஹெர்ட்ஸா வரும், கூடவே 200, 300, 400ன்னு அதோட மடங்குகளும் வரும். பெண்கள் நிறையப் பேர் பாடுற 5 கட்டை சுருதிக்கு சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதாவது ஹம் வந்து உக்கார்றது சரியா அவங்க குரல் இருக்கற இடத்துலதான், அதுவும் சுருதியை விட்டு ஒரு நூல் மேல. தம்புராவைத் தப்பா சேர்த்து வச்ச மாதிரி. வயலின்னாலே லால்குடி ஜெயராமன்னு ஞாபகம் வர்ற ஊர்ல இதைக் காது ஏத்துக்குமா? அதை வெட்டப் போனா குரலோட அடித்தளமும் சேர்ந்து போயிடும். உள்ள வர விடாம இருக்கறதுதான் வழி.

சரி, சாயங்காலம் மட்டும் ஏன்?

தம்பிகிட்ட மல்டிமீட்டர் இருந்தது. ரெண்டு இடத்துல, ரெண்டு நேரத்துல அளந்து சொல்லச் சொன்னேன். ஒண்ணு சுவத்து பிளக். இன்னொண்ணு சப்ளைக்குள்ள ரெகுலேட்டருக்கு முன்னாடி இருக்கற பெரிய கெபாசிட்டர். காலையில பிளக்ல 225, கெபாசிட்டர்ல 17. சாயங்காலம் 7 மணிக்கு பிளக்ல 170, கெபாசிட்டர்ல 12.7.

இந்த 12.7தான் குற்றவாளி. அவர் போட்டிருந்தது எல்லாரும் போடுற அதே சப்ளை. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், நாலு 1என்4007 டயோடு, ரெண்டு கெபாசிட்டர், ஒரு 7812, ஒரு 7912. இதுல 7812ங்கிற ரெகுலேட்டர் ஒரு கண்டிப்பான காவல்காரர். உள்ள 17 வோல்ட் ஆடிக்கிட்டு வந்தாலும் வெளிய அசையாத 12 தருவார். ஆனா அவருக்கு மேல ரெண்டு வோல்ட் சம்பளம் வேணும். உள்ள 14ஆவது வந்தாத்தான் வேலை செய்வார். 12.7 வந்தா கதவைத் திறந்து விட்டுட்டுப் போயிடுவார். கெபாசிட்டர்ல இருக்கற 100 ஹெர்ட்ஸ் அலை அப்படியே ஐசிக்குப் போயிடும். அந்த அலை எவ்வளவு? 30 மில்லியாம்ப் இழுக்கற சர்க்யூட்டுக்கு 1000 மைக்ரோஃபாரட் போட்டிருந்தா சுமார் 0.3 வோல்ட். கேக்கறதுக்குக் குறைவு. மைக்கோட மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

டெல்டா பக்கம் இருக்கறவங்களுக்கு லோ வோல்டேஜ் புதுசில்ல. டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தூரமா இருக்கற கடைசி வீடு, எல்லா வீட்டுலயும் லைட், கிரைண்டர், பக்கத்துக் கொல்லையில மோட்டார். டியூப்லைட் கண்ணடிக்கும். ஃபேன் சோம்பேறியாச் சுத்தும். அது நம்ம கண்ணுக்குத் தெரியுது. ரெகுலேட்டர் சோர்ந்துபோறது காதுக்கு மட்டும்தான் தெரியும்.

பொதுவா இந்த இடத்துல எல்லாரும் சொல்ற வைத்தியம் ‘பெரிய கெபாசிட்டர் போடு’. அது அலையைக் குறைக்கும், ஆனா வராத வோல்டேஜை வரவழைக்காது. சரியான வைத்தியம் டிரான்ஸ்ஃபார்மரை மாத்தறது: 12-0-12க்குப் பதிலா 15-0-15. அப்போ பிளக்ல 170 இருந்தாலும் கெபாசிட்டர்ல 16 நிக்கும், ரெகுலேட்டர் வேலையில இருப்பார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரே தூங்கும்போது பிளக்ல 250 ஏறும். அப்போ கெபாசிட்டர்ல 24 வரும். அதனால கெபாசிட்டர் 25 வோல்ட்டுது வாங்காதீங்க, 35 வாங்குங்க. கடையில ‘ஆயிரம் எம்எஃப்டி, முப்பத்தஞ்சு வோல்ட்’னு கேட்டா போதும். ரெகுலேட்டர் சூடாகுமேன்னு பயப்பட வேணாம். 30 மில்லியாம்ப்புக்கு அரை வாட் கூட வராது.

ஆனா 7812ம் 7912ம் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், கால் வரிசை ஒண்ணு கிடையாது. 7812ல இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7912ல கிரவுண்ட், இன்புட், அவுட்புட். முதுகுல இருக்கற தகடு 7812ல கிரவுண்ட், 7912ல இன்புட். ரெண்டையும் ஒரே தகரத்துல போல்ட் போட்டு இறுக்கினா டப்புன்னு ஒண்ணு கேக்கும். ப்ரீஆம்ப் செய்யற பசங்க சர்க்யூட்டைத் தலைகீழாப் படிச்சிருப்பாங்க, இதை மட்டும் பார்த்திருக்க மாட்டாங்க.

தம்பி டிரான்ஸ்ஃபார்மரை மாத்தினார். மறுநாள் சாயங்காலம் ஹம் இல்ல. தாலாட்டும் நடவுப் பாட்டும் திண்ணையிலயே பதிவாயிடுச்சு.

இதோட கதை முடியல. அதுக்கு முன்னாடி, சுவத்து பிளக்கைத் தொடுற எல்லாருக்கும் ஒரு விஷயம், இதுல நான் விளையாட மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாம, ஒரு கெபாசிட்டரை நேரா 230ல போட்டு வோல்டேஜைக் குறைக்கற சர்க்யூட் வீடியோக்கள் சுத்திக்கிட்டு இருக்கு. விலை கம்மியான எல்இடி பல்புக்குள்ள அதுதான் இருக்கும். பல்புக்கு அது சரி, ஏன்னா பல்பை யாரும் உதட்டுல வச்சுப் பாடறதில்ல. அந்த மாதிரி சப்ளையில ப்ரீஆம்போட கிரவுண்ட், மைக்கோட இரும்பு உடம்பு எல்லாம் நேரா லைனோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினா ஃபேஸ் மைக்குக்கு வரும். 80 வயசுப் பாட்டி கையில அதைக் கொடுக்கப் போறீங்களா? டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சப்ளை ஆடியோவுக்குக் கிடையவே கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாலும் முன்னாடி ஒரு ஃபியூஸ் போடுங்க. இரும்பு டப்பான்னா மூணாவது பின்னை, அதாவது எர்த்தை, டப்பாவுல இணைங்க. பழைய வீடுகள்ல பிளக்ல மூணாவது ஓட்டை இருக்கும், உள்ள ஒயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நீங்களா நியூட்ரலை எடுத்து எர்த்ல முறுக்கிடாதீங்க.

இப்போ மிச்சக் கதை. அப்பாயி தாலாட்டு பாடிட்டாங்க, நடவுப் பாட்டு பாடிட்டாங்க. ஒப்பாரி மட்டும் பாட மாட்டேன்னுட்டாங்க. ஏன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது. நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கப் போறவங்க எல்லாரும் சந்திக்கிற விஷயம் இது. அந்தம்மா ஒரு வழியும் சொன்னாங்க: வீட்டை விட்டு வெளிய வந்து, வாய்க்கால் கரையில உக்காந்து பாடுறேன், ஒரே தடவைதான். இன்னொரு தடவை பாடுன்னு கேக்கக் கூடாது.

வாய்க்கால் கரையில பிளக் பாயின்ட் ஏது? பேட்டரிதான்.

எனக்குக் கேட்டா, இப்படி ஒரு வேலைக்கு முதல்லயே பேட்டரிதான் சொல்லியிருப்பேன். பேட்டரியில 100 ஹெர்ட்ஸ் கிடையாது, லோ வோல்டேஜ் கிடையாது, ஷாக் கிடையாது. ரெண்டு 9 வோல்ட் பேட்டரி, கடையில கிடைக்கற ஹை-வாட் போதும். ஒண்ணோட மைனஸும் இன்னொண்ணோட ப்ளஸும் சேர்ற இடம் கிரவுண்ட். அந்தப் பக்கம் ப்ளஸ் 9, இந்தப் பக்கம் மைனஸ் 9. முடிஞ்சுது சப்ளை. ரெண்டு பேட்டரியையும் ஒரே நேரத்துல துண்டிக்கற ஸ்விட்ச் வேணும், ஆறு கால் இருக்கற வகை. ஒத்தை ஸ்விட்ச் போட்டு ஒரு பேட்டரியை மட்டும் ஆஃப் பண்ணா, இன்னொண்ணு ராத்திரி முழுக்க ஒழுகிக்கிட்டே இருக்கும்.

என்இ5532 சுமார் 8 மில்லியாம்ப் குடிக்கும். 9 வோல்ட் பேட்டரிக்கு அது கொஞ்சம் பெரிய வாய். டிஎல்072 அதே கால் வரிசை, அப்படியே மாத்திச் சொருகலாம். 3 மில்லியாம்ப்புக்குள்ள முடிச்சுக்கும். ஆனா அதோட சொந்த ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல் அதிகம், மெல்லிய குரலுக்குப் பின்னாடி கேக்கும். தம்பிக்கு நான் சொன்னது: 5532வே இருக்கட்டும், எல்இடியைக் கழட்டிடு. ஒரு சின்ன சிவப்பு எல்இடி சும்மா 5 மில்லியாம்ப் தின்னும். பவர் ஆன்ல இருக்கான்னு காட்டறதுக்காகவே பவரைத் தின்கிற ஜீவன். ரெக்கார்டிங் போறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாருங்க, ரெண்டுல ஏதாவது ஒண்ணு 7 வோல்ட்டுக்குக் கீழ இறங்கியிருந்தா ரெண்டையும் மாத்துங்க.

ஒரே பேட்டரியில முடிக்கணும்னா நடுவுல ரெண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, பாதி வோல்டேஜை எடுத்து, அதையே கிரவுண்ட்னு ஐசியை நம்ப வைக்கலாம். அந்த நடுப்புள்ளியில 100 எம்எஃப்டி கெபாசிட்டர் கட்டாயம். ப்ளஸ் நாலரை, மைனஸ் நாலரைதான் கிடைக்கும். 5532க்கு அது போதாது. யாராவது திடீர்னு குரலை உயர்த்தினா பிளந்துடும். ஒப்பாரியில குரல் உயராம இருக்குமா?

‘பவர் பேங்க் ஆகாதா?’ன்னு கேக்கறவங்களுக்கு: உள்ள இருக்கறது 3.7 வோல்ட் செல், அதை 5 ஆக்கறதுக்கு ஒரு ஸ்விட்சிங் சர்க்யூட் கத்திக்கிட்டே இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, இவ்வளவு கம்மியாக் கரண்ட் இழுத்தா, எதுவுமே மாட்டலைன்னு நினைச்சு பல பவர் பேங்க் தானா அணைஞ்சுடும். பாட்டு நடுவுல. ஃபோன் சார்ஜரை வச்சு ஓட்டறது அதைவிட மோசம். சார்ஜர்ல போட்ட லேப்டாப்போட இரும்புப் பகுதியைத் தொட்டா விரல்ல ஒரு சுருசுருப்பு வரும் பார்த்திருக்கீங்களா? அதே கசிவு ஆடியோ ஒயர் வழியா ப்ரீஆம்புக்கும் வரும். வீட்டுல ரெக்கார்ட் பண்ணும்போது திடீர்னு ‘கிர்ர்’னு வந்தா, எதையும் கழட்டறதுக்கு முன்னாடி லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. பாதிக் கேஸ் அதுலயே முடியும்.

இன்வெர்ட்டரையும் சொல்லிடறேன். 2012ல தமிழ்நாட்டுல கரண்ட் கட் எப்படி இருந்ததுன்னு சென்னைக்கு வெளிய வளர்ந்தவங்களைக் கேளுங்க. திருவெறும்பூர் பெல் 1965ல இருந்து அனல் மின் நிலையங்களுக்கு பாய்லர் செஞ்சு கொடுத்துக்கிட்டு இருக்கு, அதே மாவட்டத்துல பசங்க சிம்னி வெளிச்சத்துல பரிட்சைக்குப் படிச்சாங்க. அப்போ வீடு வீடா வந்ததுதான் இன்வெர்ட்டர். அதுல பழைய, விலை கம்மியான வகை ஸ்கொயர் வேவ். கரண்ட் போனதும் ஃபேன்ல ஒரு முனகல் வருமே, அதுதான் சதுர அலையோட சத்தம். ஃபேனுக்கே அந்தக் கதின்னா ப்ரீஆம்ப் என்ன பண்ணும்? இன்வெர்ட்டர்ல ஓடும்போது ரெக்கார்ட் பண்ணாதீங்க. பண்ணியே ஆகணும்னா சைன் வேவ் இன்வெர்ட்டர்தான்.

திருச்சிக்காரங்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. திருச்சி வானொலி 1939 மே 16ல ஆரம்பிச்சது. 936 கிலோஹெர்ட்ஸ், மீடியம் வேவ். ஆடுதுறை 27 நெல்லை அந்த வானொலி விவசாய நிகழ்ச்சியில சொல்லிச் சொல்லி, டெல்டாவுல அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’னு பேர் வந்துச்சு. அவ்வளவு தூரம் போய்ச் சேர்ற அலை உங்க ப்ரீஆம்புக்கு மட்டும் வராதா? நீளமான சப்ளை ஒயர் ஒரு ஏரியல். ஐசிக்குள்ள இருக்கற ஜங்ஷன் டயோடு மாதிரி வேலை செஞ்சு, குரலுக்குப் பின்னாடி லேசா செய்தி கேக்கும். வரவேற்கத்தக்க நிலையம்தான், ஆனா இந்த ரெக்கார்டிங்ல வேணாம். சப்ளை ஒயர் டப்பாக்குள்ள நுழையற இடத்துல ஒரு ஃபெரைட் வளையம், அங்கேயே கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். பேட்டரியை டப்பாக்குள்ளயே வச்சுட்டா இந்தப் பிரச்சினையில பெரும்பகுதி தீர்ந்துடும், மைக் ஒயரை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்.

கடைசியா, நிறையப் பேர் கேட்டது: கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் எப்படிக் கொடுக்கறது? இந்த 48ங்கிற நம்பரே ஒரு விபத்துதான். 1966ல நியூமன் கம்பெனி நார்வே அரசு வானொலிக்கு டிரான்சிஸ்டர் போட்ட புது மைக்கைக் காட்டப் போனாங்க. மைக் ஒயர் வழியாவே பவர் போகணும்னு அவங்க கேட்டாங்க. அந்த வானொலி நிலையத்துல அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது. அதையே எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்கு அங்க எரிஞ்ச எமர்ஜென்சி லைட்டுக்காக இன்னைக்கு உலகம் பூராவும் 48.

அதுல ஒரு சலுகை உண்டு. கூட 4, குறைய 4 ஏத்துக்கும், அதாவது 44ல இருந்து 52 வரைக்கும். அஞ்சு 9 வோல்ட் பேட்டரியை வரிசையாக் கோர்த்தா 45. மைக்கோட ரெண்டு சிக்னல் ஒயருக்கும் ஆளுக்கொரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா அதைக் கொடுத்தா போதும். ரெண்டு ரெசிஸ்டரும் முடிஞ்ச அளவு ஒரே மதிப்புல இருக்கணும், மீட்டர் வச்சு ஜோடி பொறுக்குங்க. ஐசியோட இன்புட்டுக்கும் அந்த 45க்கும் நடுவுல கெபாசிட்டர் இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. இல்லன்னா ஐசி போயிடும். பேட்டரி புதுசா இருக்கணும், ஒவ்வொண்ணும் 8.8க்குக் கீழ போனா மொத்தம் 44க்குக் கீழ வந்துடும். 9ல இருந்து 48 ஆக்கற பூஸ்ட் போர்டு ஆன்லைன்ல கம்மி விலைக்கு வருது. அதைப் போட்டா, சுவத்துக் கரண்ட்டை விட்டு ஓடி வந்து, அதே சத்தத்தை டப்பாக்குள்ள வளர்க்கற மாதிரி.

லால்குடி தம்பிக்கு இதெல்லாம் தேவைப்படல, அவருது டைனமிக் மைக். போன ஞாயித்துக்கிழமை வாய்க்கால் கரைக்குப் போயிட்டு வந்துட்டாங்க. இருபத்தி ரெண்டு நிமிஷம். எனக்கு ஃபைலை அனுப்பினார், இங்க போடலாமான்னு கேட்டேன். அப்பாயி வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால போடல. தண்ணிச் சத்தம் இருக்கு, ஒரு டிராக்டர் போகுது, நடுவுல அவங்க மூச்சு வாங்கறது கேக்குது. வேற எதுவும் கேக்கல.

அடுத்த எபிசோட் மைக் ஒயர் பத்தி: ஷீல்டை ரெண்டு முனையிலயும் சால்டர் பண்ணணுமா, ஒரு முனையில மட்டுமா? உங்க வீட்டு ‘ங்ங்ங்’ பத்து செகண்ட் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. பிளக்ல எவ்வளவு வோல்ட், மணி என்னன்னும் சேர்த்து எழுதுங்க.